பக்கத்தில் இல்லாதவருக்கும் சமாதானம்



ஞாயிறு திருப்பலியில் நாம் எல்லோரும் செய்கிற ஒரு சிறு செயல் உண்டு. இயேசு கற்பித்த செபத்தைச் சொல்லி முடித்த பிறகு, அருள்பணியாளர் ஆண்டவருடைய சமாதானத்தை நமக்கு வாழ்த்துகிறார். நாம் கைகுவித்து வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை தலை வணங்குகிறோம். சிலர் பின்னால் திரும்பியும் வணங்குவார்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதன் பொருள் என்ன, திருப்பலியில் இந்த இடத்தில் இது ஏன் வருகிறது என்று இன்று சிந்திப்போம்.

இது புதிதாக வந்த வழக்கம் அல்ல. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் (16:16), தூய முத்தம் கொடுத்து ஒருவரையொருவர் வாழ்த்தும்படி கேட்டுக்கொள்கிறார். கி.பி. 155-ஆம் ஆண்டையொட்டி உரோமையில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், தம் காலத்து வழிபாட்டை விவரித்திருக்கிறார். மன்றாட்டுகள் முடிந்ததும் முத்தமிட்டு வாழ்த்திக்கொண்டார்கள், அதன் பிறகே அப்பமும் கிண்ணமும் கொண்டுவரப்பட்டன என்று அவர் எழுதுகிறார். இன்றும் சீரோ மலபார், சீரோ மலங்கரா வழிபாட்டு முறைகளில் நற்கருணை மன்றாட்டுக்கு முன்பே சமாதானம் பகிரப்படுகிறது. நமது உரோமை வழிபாட்டு முறையில் அது நற்கருணை விருந்துக்குச் சற்று முன்னால் வருகிறது. 416-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் இந்த வழக்கத்தை ஒரு மடலில் வலியுறுத்தியிருக்கிறார்.

காலப்போக்கில் இது பீடத்தைச் சுற்றி நிற்கும் குருக்களோடு நின்றுபோனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் திருத்தியமைக்கப்பட்ட திருப்பலி முறை இதை மீண்டும் மக்களிடம் கொடுத்தது. 1969-ல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை இசைவளித்த 12 தழுவல்களில், சமாதானத்தைக் கைகுவித்துப் பகிர்வதும் ஒன்று.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். எங்கள் குற்றங்களை மன்னியும், நாங்களும் மன்னிக்கிறோம் என்று தந்தையிடம் சொல்கிறோம். உடனே சமாதான வாழ்த்து. அதன் பின் அப்பம் பிட்கப்படுகிறது. அதன் பின் நற்கருணை. மன்னிக்கிறோம் என்று வாயால் சொன்னதை உடலால் செய்து காட்டிய பிறகே ஆண்டவரின் உடலை வாங்கப் போகிறோம்.

ஆகவே, இது நலம் விசாரிக்கும் நேரம் அல்ல. 2014-ல் திருவழிபாட்டுப் பேராயம் ஒரு சுற்றுமடல் வழியாக இதைத் தெளிவுபடுத்தியது. விசுவாசிகள் தங்கள் இடத்தை விட்டு நகராமல், அருகில் இருப்பவருக்கு மட்டும் அமைதியாகச் சமாதானம் பகிர்ந்தால் போதும். குருவும் பீடத்தை விட்டு இறங்கி வர வேண்டியதில்லை. திருமணத்தில் மணமக்களை வாழ்த்தவும், அடக்கத் திருப்பலியில் துக்கம் விசாரிக்கவும் இந்த நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. நாம் பகிர்வது நம்முடைய வாழ்த்து அல்ல, கிறிஸ்துவின் சமாதானம். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுகளுக்குள் வந்து, தம்மை விட்டு ஓடிப்போன சீடர்களுக்கு முதலில் கொடுத்தது அதுதான் (யோவான் 20:19). ஏன் ஓடினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. காயம்பட்ட கைகளைக் காட்டிச் சமாதானம் கொடுத்தார்.

மத்தேயு 5:23-24-ல் ஆண்டவர் இன்னும் கடினமான ஒன்றைச் சொல்கிறார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள், பிறகு வா என்கிறார். இதைக் கேட்டவர்கள் கலிலேய மக்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால், மூன்று நாள் நடை. போய்விட்டுத் திரும்ப ஒரு வாரம் ஆகும். அதையும் செய் என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. யார்மீது உனக்குக் கோபம் என்று அவர் கேட்கவில்லை. உன்மீது யாருக்கு மனத்தாங்கல் என்று கேட்கிறார். நாம் ஆன்ம சோதனை செய்யும்போது பெரும்பாலும் நம்மை நோகடித்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நம்மால் நொந்தவர்கள் வருவதில்லை.

என்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா இறந்த பிறகு, வீட்டுப் பங்கீட்டில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு முற்றியது. சாமியாருக்கு வீடு எதற்கு என்று அவன் கேட்டான். அதைவிடக் கடினமாக நான் ஒன்று சொன்னேன். போனை வைத்துவிட்டு அவன் எண்ணை பிளாக் செய்தேன். பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினேன். நாள்தோறும் கைகளை விரித்து மக்களுக்குச் சமாதானம் வாழ்த்தினேன். ஒரு ஞாயிறு அப்படிக் கைகளை விரித்தபோது, முன்வரிசையில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு சிறுவர்கள், சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் வணங்கினார்கள். எனக்கு அடுத்த மன்றாட்டைச் சொல்ல வரவில்லை.

திருப்பலி முடிந்ததும் பிளாக்கை எடுத்துவிட்டு அழைத்தேன். தம்பி மகள்தான் எடுத்தாள். “பெரியப்பாவா?” என்று கேட்டாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு தம்பி வந்தான். வீட்டு விஷயம் அன்று தீரவில்லை, தீர இன்னும் ஓராண்டு ஆனது. ஆனால் அன்று நான் மன்னிப்புக் கேட்டேன்.

நேயர்களே, சிலருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். நான் போனாலும் அவர் பேச மறுத்தால்? கூடுமானால், உங்களால் இயன்ற மட்டும் என்றுதான் புனித பவுலும் சொல்கிறார் (உரோமையர் 12:18). கதவைத் தட்டுவது நம் கடமை. திறப்பது அவர் கையில். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது என்றால் நியாயத்தைக் கைவிடுவது அல்ல. உரிமைக்காகச் சட்டப்படி வழக்காடலாம், பகையை வளர்க்காமல். வீட்டில் அடி வாங்குகிற பெண், மன்னிப்பின் பெயரால் மீண்டும் அந்த ஆபத்துக்குள் போக வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது நம் எல்லோருடைய கடமை.

அடுத்த ஞாயிறு பக்கத்தில் இருப்பவரை நோக்கிக் கைகுவிக்கும்போது, அந்த இருக்கையில் இல்லாத ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களால் நொந்த ஒருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிய ஒருவர். அவர் பெயரை மனதுக்குள் சொல்லி, அவருக்கும் சேர்த்து வணங்குங்கள். வீட்டுக்குப் போனதும் அவரை அழையுங்கள்.

சமாதானத்தின் ஆண்டவர் உங்களையும், நீங்கள் நினைத்த அந்த ஒருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.