காஸ்பியன் ஆழத்து வாத்தலகு மீன்

மாணவர்களே, ஐந்து நாடுகள் சூழ்ந்த காஸ்பியன் கடலிலிருந்து பெருங்கடலுக்கு இயற்கையான வழி கிடையாது. அதன் உப்புத்தன்மை சாதாரணக் கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தென்பகுதியிலோ ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டுகிறது.

அங்கே, ஆழத்தில் வாழும் ஓர் உளுவை மீனை 1927இல் ரஷ்ய அறிவியலாளர் லெவ் பெர்க் விவரித்தார். அதன் மூக்கு வாத்தின் அலகைப்போல் தட்டையானது. அறிவியல் பெயர் அனாட்டிரோஸ்ட்ரம் புரோஃபுண்டோரம். ‘ஆழத்து வாத்தலகு’ என்று பொருள். நம் சதுப்புநிலக் காடுகளில் சேற்றில் தாவும் மீன்கூட இதற்குத் தூரத்து உறவுதான்.

உலகில் வேறெங்கும் இம்மீன் இல்லை. 1990களின் இறுதியில், கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு அயல்நாட்டுச் சீப்பு ஜெல்லி காஸ்பியனுக்குள் நுழைந்து மிதவையுயிர்களைத் தின்னத் தொடங்கியது. மேலே உணவு குறைந்தால், கீழே விழும் உணவும் குறையும். பெருங்கடல் மீன் வேறிடம் தேடிப் போகலாம். இதற்குப் போக இடமில்லை.