செங்கடலில் ஒரு வாரம் – 3: கர்னாட்டிக் காத்திருந்த 34 மணி நேரம்

அபு நுஹாஸ் பவளத்திட்டு தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. சூயஸ் வளைகுடா முடிந்து செங்கடல் அகலமாக விரியத் தொடங்கும் இடத்தில், ஷத்வான் தீவுக்கு வடமேற்கே, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அது கிடக்கிறது. வடக்கிலிருந்து வரும் அலை அதன்மேல் மோதி உடையும்போது எழும் வெள்ளை நுரை ஒன்றுதான் அடையாளம். நுரையை நேரத்தோடு பார்க்காத கப்பல்கள் திட்டின் வடக்குச் சரிவில் இன்றும் கிடக்கின்றன. எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள் முழுக்க அவற்றுக்குத்தான்.

படகிலேயே தங்கி டைவ் அடிப்பதன் அருமை இங்கே வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஹுர்காதாவிலிருந்து காலையில் கிளம்பும் பகல் படகுகள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். நாங்கள் முந்தைய இரவே வந்து, திட்டின் தெற்குப் பக்கம், காற்றும் அலையும் படாத மறைவில் கயிறு கட்டித் தூங்கினோம். ஐந்தரைக்கு அறைக்கதவு தட்டப்படும். ஒரு டீ, இரண்டு பிஸ்கட், வெள்ளைப் பலகையில் கப்பலை வரைந்து கைடு தரும் விளக்கம். ஆறரைக்குத் தண்ணீருக்குள் இருப்போம். மேலே வந்தால் காலை உணவு, கொஞ்சம் உறக்கம், மறுபடி கடல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே. இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை. மூன்றாம் நாளுக்குள் உடம்பு இந்த ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. டெக்கில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், அங்கே அவரவர் சிலிண்டர். அதை யாரும் தூக்கிச் சுமப்பதில்லை. கம்ப்ரஸர் குழாயை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து நிரப்பிவிடுகிறார்கள். இடுப்பில் கட்டும் ஈயம்தான் எனக்கு வழக்கத்தைவிடக் கூடுதல். செங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் உப்பு. உலகக் கடல்களின் சராசரி 35. அந்த வித்தியாசமே ஆளை மேலே தள்ளும்.

ரப்பர் படகில் திட்டைச் சுற்றி வடக்குப் பக்கம் திரும்பியதும் கடலின் குணமே மாறுகிறது. தெற்கே குளம்போல் கிடந்த நீர் இங்கே தூக்கித் தூக்கிப் போடுகிறது. படகோட்டி மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகுப்புறமாக விழ வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் படகு நகர்ந்துவிடும், அவர் விழுவது வேறு இடத்தில். விழுந்த கணத்திலிருந்து இரைச்சல் இல்லை. கீழே 27 மீட்டர் ஆழத்தில், இடப்பக்கமாகச் சாய்ந்தபடி கர்னாட்டிக்.

ஆற்காடு நவாபின் ஆளுகையிலிருந்த நம் சீமைக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. பி அண்ட் ஓ கம்பெனிக்காக 1862-ல் லண்டனில் கட்டப்பட்டது. இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை அடித்த உடல், நீராவி எஞ்சினோடு பாய்மரமும் உண்டு. அப்போது சூயஸ் கால்வாய் திறக்கவில்லை. இந்தியாவுக்கு வருகிறவர்கள் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, ரயிலில் சூயஸ் வந்து, அங்கே வேறு கப்பல் ஏறுவார்கள். 1869 செப்டம்பர் 12-ம் தேதி காலை கர்னாட்டிக் அப்படித்தான் பம்பாய்க்குக் கிளம்பியது. பயணிகள், பருத்திப் பொதி, செப்புத் தகடு, தபால் பைகள், 40,000 பவுண்டு மதிப்புள்ள தங்கக் காசு. கால்வாய் திறக்க இன்னும் இரண்டு மாதம்.

இரவு தெளிவாக இருந்தது. கேப்டன் ஜோன்ஸ் மேல்தளத்திலேயே நின்றிருந்தார். பின்னிரவு ஒரு மணிக்கு மேல் முன்னால் நுரை தெரிந்தது. திருப்பப் பார்த்தார்கள், நேரமில்லை. கப்பல் அபு நுஹாஸ் மேல் ஏறி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கப்பல் உடனே மூழ்கவில்லை. திட்டின்மேல் உறுதியாக உட்கார்ந்திருந்தது. பம்புகள் ஓடின, கசிவு கட்டுக்குள் இருந்தது. அதே கம்பெனியின் சுமத்ரா என்ற கப்பல் அந்தப் பக்கமாக வரவேண்டியிருந்தது. படகுகளில் ஷத்வான் தீவுக்குப் போய்விடலாம் என்று பயணிகள் கேட்டார்கள். கேப்டன் மறுத்தார். உறுதியாக நிற்கும் கப்பலை விட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சின்னப் படகுகளில் அலைகடலில் இறக்குவதா? பகல் கழிந்தது. மாலையில் மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுப்பு. 14-ம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குத் தண்ணீர் கொதிகலன்களை எட்டியது. வெளிச்சம் போயிற்று, பம்புகள் நின்றன. காலை பதினோரு மணியளவில் அவர் சம்மதித்தார். முதல் படகில் பெண்களும் குழந்தைகளும் ஏறி உட்கார்ந்த நேரத்தில் கப்பல் இரண்டாக முறிந்தது. பின்பாதி சரிவில் வழுக்கிக் கீழே போனது. 31 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் ஷத்வானில் கரையேறி, ஒதுங்கிய பருத்திப் பொதிகளைக் கொளுத்தித் தீ மூட்ட, அதைப் பார்த்து வந்தது சுமத்ரா.

விசாரணையில் ஜோன்ஸின் சான்றிதழ் 9 மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. அவரை அலட்சியக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் விழித்து நின்ற, அனுபவமுள்ள மாலுமி. ஒவ்வொரு மணி நேரத்திலும் அவர் சொன்ன காரணம் அந்த மணி நேரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்படி 34 மணி நேரம் சேர்ந்தபோதுதான் அது 31 உயிர்களை எடுத்தது.

அந்தக் கப்பலுக்குள் இப்போது நீந்தலாம். மரத்தளங்கள் எப்போதோ மட்கிப்போயின. எஞ்சியிருக்கும் இரும்பு விலா எலும்புகளுக்கிடையே காலை வெயில் பட்டை பட்டையாக இறங்குகிறது. உள்ளே நுழைந்தால் முதலில் எதுவும் புலப்படுவதில்லை, செம்பு நிறத்தில் ஒரு திரை மட்டும் நெளிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது திரையில்லை, விரல் நீளக் கண்ணாடி மீன்கள், ஆயிரமாயிரமாக. நாம் மூச்சு விட்டால் அவை விலகி வழி விடுகின்றன, கடந்ததும் பின்னால் மூடிக்கொள்கின்றன. ஓரத்தில் இரண்டு சிங்க மீன்கள் சிறகு விரித்துக் காத்திருந்தன. ஒரு பாரை வெளியிலிருந்து பாய, மொத்தத் திரையும் ஒரே நொடியில் மடங்கி விரிந்தது. பின்பகுதியில் வரிசையாகச் சதுரச் சன்னல்கள். அடியில், மணலுக்குச் சற்று மேலே, மூன்று இலை கொண்ட சுழலி. அதன் இடுக்கில் ஓர் அஞ்சாலை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மணலில் மது பாட்டில்களின் உடைந்த கழுத்துகள். யாரும் தொடவில்லை. தங்கத்தின் பெரும்பகுதியை விபத்து நடந்த சில வாரங்களிலேயே மூழ்காளர்கள் எடுத்துவிட்டார்கள். செப்புத் தகடுகளை அந்தக் கரையின் பெதுயின் மக்கள், மூச்சடக்கி மட்டுமே இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். நான் முதுகில் இத்தனை கருவிகளோடு மிதந்த ஆழத்தில் அவர்கள் வெறும் நெஞ்சுக்காற்றோடு வேலை செய்திருக்கிறார்கள். அதற்குரிய மரியாதையை டைவிங் புத்தகங்கள் அவர்களுக்குத் தந்ததில்லை.

காற்றுக்கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். 27 மீட்டரில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் மேலே இருப்பதைப்போல 3.7 மடங்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவருக்குத் தரையில் 2 மணி நேரம் வரும். அந்த ஆழத்தில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே எங்கள் கைடின் சட்டம் எளிமையானது: முள் 100 பார் காட்டியதும் சொல்ல வேண்டும், அங்கிருந்தே திரும்ப வேண்டும். படகில் ஏறும்போது சிலிண்டரில் 50 பார் மீதி இருக்க வேண்டும். 100 பாரில் ஒரு குறையும் தெரியாது. மூச்சு சுலபமாக வரும், வெளிச்சம் அழகாக இருக்கும், கப்பலின் முன்பாதி இன்னும் பார்க்காமல் கிடக்கும். என் ஜோடி கையைக் கடிகாரத்தின்மேல் தட்டி, மேலே பெருவிரலைக் காட்டினார். கிளம்பினோம்.

இரண்டாவது கணக்கு நைட்ரஜன். ஆழத்தில் மூச்சோடு சேர்ந்து உடம்பில் கரையும் நைட்ரஜன், அவசரமாக மேலே வந்தால் திசுக்களில் குமிழியாகிவிடும். ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்ற அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரின் கணக்குக்கு மூலம் அந்த ஆடுகள்தான். ஒருநாள் டைவ் அடித்து வீடு திரும்புகிறவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. நாளுக்கு நான்கு முறை, வாரம் முழுக்க என்றால், ஒவ்வொரு டைவின் மிச்சமும் அடுத்ததில் சேர்கிறது. அதனால்தான் படகில் பலரும் 32 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ் கேட்கிறார்கள். 30 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு அட்டவணை தருவது 20 நிமிடம், நைட்ராக்ஸுக்கு 30. ஆனால் அதிலும் எல்லை உண்டு. அதே வாயுவோடு 40 மீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜனே விஷமாகும். ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். பயணத்தின் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். எத்தனை அழகான கடல் என்றாலும் ஏழாம் நாள் கரையில்தான்.

இப்படி ஒரு பயணம் போக நினைக்கும் வாசகர்களுக்குத் தண்ணீருக்குள் உள்ள ஆபத்தைவிட இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாரம் தூங்கப்போவது கடலின்மேல். 2019 செப்டம்பர் 2-ம் தேதி கலிஃபோர்னியாக் கரையில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு நள்ளிரவுக்கு மேல் தீப்பிடித்தது. கீழ்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவுக் காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. இதே செங்கடலில், 2024 நவம்பர் 25 அதிகாலையில் ஸீ ஸ்டோரி என்ற டைவ் படகு கவிழ்ந்தது. படகில் ஏறியதும் அறையின் அழகைப் பார்க்காதீர்கள். இரண்டாவது வெளியேறும் வழி எங்கே, இருட்டில் கை தடவிப் போக முடியுமா, இரவில் யார் விழித்திருப்பார், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முகம் சுளிக்கும் படகாக இருந்தால் பணம் போனாலும் இறங்கிவிடுங்கள். நாங்கள் முதல் மாலையே அவசர வழியில் ஒவ்வொருவராக ஊர்ந்து ஏறிப் பார்த்தோம்.

பகலின் மற்ற டைவ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-ல் மரம் ஏற்றிவந்து மோதிய ஜியானிஸ் டி. சாய்ந்து கிடப்பதால் அதன் தாழ்வாரங்களில் நீந்தும்போது கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், தலை சுற்றும். அடுத்து கிமோன் எம். துருக்கியின் இஸ்கெண்டெருனில் பருப்பு ஏற்றிக்கொண்டு 1978 டிசம்பரில் வந்தது. அதுவும் பம்பாய்க்குத்தான் கிளம்பியிருக்கிறது. கர்னாட்டிக் மூழ்கி 109 ஆண்டுகள் ஆகியும், அதே துறைமுகத்துக்குப் புறப்பட்ட இன்னொரு கப்பல் அதே திட்டின்மேல்.

மூன்றாவது டைவ் முடிந்து துண்டோடு உட்கார்ந்திருந்தபோது கேப்டன் மேலிருந்து இறங்கி வந்தார். ஊழியர்கள் அவரை ரயிஸ் என்றுதான் அழைக்கிறார்கள். வடகாற்று வலுக்கப்போகிறது, இருட்டுவதற்குள் கோபல் நீரிணையைக் கடந்துவிட வேண்டும், இன்று இரவு டைவ் இல்லை என்றார். கடல் அப்போது அமைதியாகத்தான் இருந்தது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவர் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசினார். ரயிஸ் முழுவதையும் கேட்டார், தலையசைத்தார், மேலே போய் எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த நம்பிக்கை வாரம் முழுக்கக் குறையவில்லை.

கயிறுகள் அவிழ்ந்தபோது மணி நான்கு. நீரிணையின் அக்கரையில் ஷாப் அலி. அங்கே 30 மீட்டர் ஆழத்தில், 1941 அக்டோபர் 6-ம் தேதி பின்னிரவில் ஜெர்மானிய விமானம் குண்டு போட்டு மூழ்கடித்த திஸ்ல்கார்ம் கிடக்கிறது, தன் லாரிகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் இரண்டு ரயில் எஞ்சின்களோடும். பகல் படகுகள் வருமுன் அதில் இறங்க வேண்டும் என்றால் காலை ஐந்து மணிக்கே தயாராக வேண்டும் என்றார் கைடு.

(தொடரும்)