380 ரிங்கிட் கற்றுத் தந்த பாடம்

பாகான் செராயிலிருந்து இணையத்தில் சேலை விற்கிறேன். தீபாவளி சமயம் ஒரு வாடிக்கையாளர், பொருள் வரவில்லை என்று தம் வங்கியில் புகார் செய்தார். என் கணக்கிலிருந்து 380 ரிங்கிட் பிடிக்கப்பட்டது. ரசீது, கூரியர் எண், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேடி எடுப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது.

இப்போது ஒரு மென்பொருள் இவற்றைத் திரட்டிப் பதிலும் எழுதித் தருகிறது. கார்டை வேறு யாரோ பயன்படுத்தியதாகப் புகார் வந்தால், புகாரில்லாத இரண்டு பழைய ஆர்டர்களையும் தேடுகிறது. முகவரியும் கைப்பேசி அடையாளமும் ஒத்திருந்தால், 2023 ஏப்ரல் முதல் விசா அதைச் சான்றாக ஏற்கிறது.

ஆனாலும் அனுப்புமுன் நான் படித்துப் பார்ப்பேன். ஒருமுறை பார்சல் பாரிட் புந்தாரிலேயே கிடந்தது. பதில் தயாராக இருந்தும் அனுப்பவில்லை, புகாரை ஏற்றுக்கொண்டேன்.

சிறு வியாபாரிகளே, கூரியர் கையொப்பத்தைச் சேமித்து வையுங்கள். இல்லாத சான்றை எந்த மென்பொருளும் அனுப்பாது.