வண்டி மீது வழக்கா? நீதிமன்றக் கட்டைத் தேடி எடுப்பது எப்படி?



நம் உறுப்பினர்களில் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோவோ, குட்டியானையோ, மினி லாரியோ இல்லாதவர்கள் இன்று குறைவு. மண்டியிலிருந்து சரக்கு எடுத்து வரவும், கடைகளுக்கு டெலிவரி கொடுக்கவும் வண்டி இல்லாமல் ஆகாது. வண்டி இருந்தால் என்றாவது ஒரு நாள் வழக்கும் வரும். துவரம்பருப்பு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று சிட்டை எழுதி வைக்கிற நாம், வண்டி மீது போட்ட வழக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "டிரைவர் போய்க் கட்டிட்டு வந்துட்டான்" என்று சொல்லி முடித்துக் கொள்கிறோம். கட்டியதற்குக் காகிதம் எங்கே என்றால் பெரும்பாலோரிடம் இல்லை.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். எனக்குத் தெரிந்த எண்ணெய் மொத்த வியாபாரி ஒருவரின் டெலிவரி வண்டி 2019-ல் ஒரு சைக்கிள்காரர் மீது மோதி, அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. டிரைவர் மீது வழக்குப் பதிவானது. சில மாதங்களில் டிரைவர் நீதிமன்றத்துக்குப் போய் வந்து, "முடிஞ்சுதுங்க முதலாளி" என்றார். பிறகு வேலையை விட்டுச் சொந்த ஊருக்கும் போய்விட்டார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து முதலாளிக்கு நோட்டீஸ் வந்தது. அதோடு, டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிருரை போட்டது. வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "கிரிமினல் வழக்கு என்ன ஆச்சு?" பதில் சொல்ல ஆள் இல்லை. வழக்கு எண்ணும் தெரியாது.

கடைசியில் அந்தக் கட்டு கிடைத்தது. அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்தது. டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார். ஒரே நாளில் முடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். அதனால் சைக்கிள்காரர்தான் குறுக்கே வந்தார் என்று தீர்ப்பாயத்தில் வாதாடும் வழி பெரும்பாலும் அடைபட்டுப் போயிற்று. ஆனால் குற்றப்பத்திரிகையில் இருந்தவை இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகள் மட்டுமே. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கான பிரிவு சேர்க்கப்படவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் லைசென்ஸ் எண்ணும் அது செல்லும் தேதியும் இருந்தன. அதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் லைசென்ஸ் விவரத்தை வாங்கித் தாக்கல் செய்தார்கள். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனியே கட்ட நேர்ந்தது. இல்லாவிட்டால் கடையை அடமானம் வைக்க வேண்டி வந்திருக்கும் என்று அந்த நண்பர் இன்றும் சொல்வார்.

இனி தேடும் முறைக்கு வருவோம். முதலில், நம் வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். சிக்னல் மீறல், ஹெல்மெட், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது போன்றவற்றுக்கு இப்போது இ-சலான் போடுகிறார்கள். இது பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் இருக்கும். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் இவற்றில் ஒன்றைக் கொண்டு தேடலாம். வண்டி எண்ணைக் கொண்டு தேடினால் சேஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். எனவே ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மாதம் ஒரு முறை, மின் கட்டணம் பார்ப்பது போல் இதையும் பார்த்துவிடுவது நல்லது. பலருக்கு வண்டியை விற்கப் போகும்போதுதான் பழைய சலான் இருப்பதே தெரிகிறது. ஓர் எச்சரிக்கை: "உங்கள் வண்டிக்குச் சலான் உள்ளது, இதை அழுத்துங்கள்" என்று செல்போனுக்கு வரும் செய்திகளில் மோசடியும் உண்டு. முகவரியின் முடிவு 'கவ் டாட் இன்' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள். செயலி எதையும் இறக்கிக் கொள்ளவும் வேண்டாம்.

கட்டாமல் விட்ட சலான்கள் நீதிமன்றத்துக்குப் போகும். போக்குவரத்துச் சலான்களுக்கென்று மெய்நிகர் நீதிமன்றம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டிலும் உண்டு. அதன் இணையதளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண், சலான் எண், செல்போன் எண், பெயர் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு தேடலாம். அபராதத்தை ஏற்றுக் கட்டினால் வழக்கு அத்தோடு முடியும். தவறு நம்முடையதல்ல என்றால் எதிர்த்து நடத்துவதாகத் தெரிவிக்கலாம். அப்போது வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். கட்டினால் ரசீதை அச்செடுத்து வண்டிக் கோப்பில் சேருங்கள். செல்போனில் படம் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். போன் தொலைந்தால் படமும் போய்விடும்.

விபத்து, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடப்பவை. இவற்றைத் தேட இ-கோர்ட்ஸ் இணையதளம் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 எழுத்து-எண் அடையாளம் உண்டு. அது கையில் இருந்தால் நொடியில் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, காவல் நிலையத்தின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். என் அனுபவத்தில் இதுவே நம்பகமான வழி.

பெயரை வைத்துத் தேடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலாவது, அவர்கள் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள். விபத்து வழக்கில் எதிரி டிரைவர்தான், முதலாளி அல்ல. டிரைவர் பெயரைத் தேட வேண்டும். அடுத்தது, பெயர் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும். முருகேசன் என்ற பெயரையே ஐந்து விதமாக எழுதுவார்கள். முழுப் பெயரையும் போடாமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம், நடப்பில் உள்ளவை, முடிந்தவை என்று இரண்டு பிரிவு இருக்கும். முடிந்த வழக்கை நடப்பில் தேடிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் திரும்பியவர்கள் உண்டு. நடப்பில் இருந்து, பிடிவாரண்ட் என்று குறிப்பு இருந்தால் தாமதிக்காமல் வழக்கறிஞர் மூலம் வாரண்டை ரீகால் செய்ய மனுப் போட வேண்டும்.

வழக்கு எண்ணில் எஸ்.டி.சி. என்றிருந்தால் சுருக்க விசாரணை வழக்கு. சி.சி. என்றால் குற்றப்பத்திரிகை வழக்கு. எம்.சி.ஓ.பி. என்றால் இழப்பீட்டு மனு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் பிரிவு எண்களும் மாறியுள்ளன. பழைய 279 இப்போது 281. பழைய 337, 338 இரண்டும் இப்போது 125-க்குள் அடங்கும்.

எஃப்.ஐ.ஆர். எண்ணே தெரியாவிட்டால்? 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, சில வகை வழக்குகள் நீங்கலாக, எஃப்.ஐ.ஆர்.களைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையப் பக்கத்தில் தேடலாம். அல்லது நேரே காவல் நிலையத்துக்குப் போய், சம்பவ தேதியும் வண்டி எண்ணும் சொல்லிக் கேட்கலாம்.

திரையில் பார்ப்பது நம் தகவலுக்குத்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ தீர்ப்பாயத்துக்கோ கொடுக்க வேண்டியது நீதிமன்ற முத்திரையிட்ட சான்று நகல். அதற்கு நகல் மனு போட வேண்டும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, எதிரியின் பெயர், முடிந்த தேதி, எந்த ஆவணம் வேண்டும், எதற்காக வேண்டும் என்று எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுப்பது. "எல்லா காகிதமும் வேண்டும்" என்று எழுதக் கூடாது. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, தீர்ப்பு என்று தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கில் நாம் தரப்பினர் இல்லாததால், வண்டி உரிமையாளர் என்பதையும் எழுதி ஆர்.சி. நகலை இணைப்பது உதவும்.

மனுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வாரம் இரண்டு முறை போய்ப் பலகையைப் பாருங்கள், அல்லது வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் பொறுப்பு கொடுங்கள். நகலில் மனுச் செய்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதிகளை அலட்சியமாக எண்ண வேண்டாம். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்கள் கழிக்கப்படும்.

டிரைவருக்கு இன்னொரு சலுகை உண்டு. குற்றப்பத்திரிகையும் அதோடு சேர்ந்த ஆவணங்களும் எதிரிக்கு இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். அந்தக் கட்டை டிரைவரிடம் வாங்கி அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நீதிமன்றக் கட்டில் உள்ள ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழியில் போய் நாளைக் கடத்த வேண்டாம். சிறு வழக்குகளின் கட்டுகளை நீதிமன்றங்கள் காலமெல்லாம் வைத்திருப்பதுமில்லை, சில ஆண்டுகளில் விதிப்படி அழித்துவிடுவார்கள்.

விற்ற வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்ற வண்டியின் எண்ணைப் பரிவாகனில் போட்டுப் பார்த்து, பெயர் மாறியிருக்கிறதா என்று இந்த வாரமே உறுதி செய்து கொள்ளுங்கள். மாறாவிட்டால் வாங்கியவரைக் கூப்பிட்டு வைத்து, கையோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.