ஆபரேஷன் அறையில் கோமாளி! குழந்தைகளின் பயம் குறைந்தது, ஆஸ்பத்திரியிலோ எதிர்ப்பு!

ஆபரேஷன் என்றாலே பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். 5 வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

பச்சை உடை, மூடிய முகங்கள், கண்ணைக் கூசும் விளக்கு. அம்மாவின் கையை விட்டதும் குழந்தை வீல் என்று அலறும். அழுகிற குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது டாக்டருக்கும் பெரும்பாடு. பயம் தணிய முன்கூட்டியே மருந்து கொடுப்பது உண்டு.

மருந்து இல்லாமல் முடியாதா? முடியும் என்று காட்டினார்கள், இத்தாலி நாட்டுக் கோமாளிகள்!

கோமாளியும் கூட வந்தார்

பிளாரன்ஸ் நகரில் 5 முதல் 12 வயது வரையுள்ள 40 குழந்தைகளுக்குச் சின்ன ஆபரேஷன். 20 பேருக்கு அப்பாவோ அம்மாவோ மட்டும் துணை. மற்ற 20 பேருக்கு, பெற்றோருடன் கோமாளிகளும் துணை! மயக்க மருந்து கொடுக்கும்வரை கூடவே இருந்து வேடிக்கை காட்டினார்கள்.

முடிவு 2005-ல் வெளிவந்தது. பெற்றோருடன் மட்டும் போன குழந்தைகளுக்கு, மயக்கம் கொடுக்கும் இடத்தைப் பார்த்ததும் பயம் ஏறியது. கோமாளியோடு போன குழந்தைகளுக்கு அப்படி ஏறவில்லை!

வந்தது சிக்கல்

எல்லோருக்கும் சந்தோஷம்தானே? இல்லை! குழந்தைகளுக்கு இது நல்லதுதான் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர், இதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் அறை வேலைக்கு இடைஞ்சலாம்!

வீட்டிலேயே ஒத்திகை

"கோமாளிக்கு நாங்க எங்கே போறது?" என்கிறீர்களா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் வேறு வழி கண்டார்கள். 408 குழந்தைகளை வைத்துச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரு பிரிவுக்குப் பயம் தணிக்கும் மருந்து. இன்னொரு பிரிவுக்கு மருந்து இல்லை, பெற்றோருக்குப் பயிற்சி! மயக்கம் கொடுக்கும் மாஸ்க்கை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, குழந்தைக்குப் போட்டுப் பழக்கச் சொன்னார்கள். என்ன நடக்கும் என்பதை வீடியோவில் காட்டினார்கள். ஆபரேஷன் அன்று பிள்ளையின் கவனத்தை எப்படித் திருப்புவது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள்.

என்ன ஆச்சு தெரியுமா? மயக்கம் கொடுக்கும் நேரத்தில் இரண்டு பிரிவுக் குழந்தைகளும் ஒரே அளவு அமைதி! பழகி வந்த குழந்தைகளுக்குப் பிறகு வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. வீட்டுக்கும் சீக்கிரமே போனார்கள். பயிற்சி இல்லாமல் சும்மா பக்கத்தில் நின்ற பெற்றோரால் இவ்வளவு பலன் இல்லை.

"பயப்படாதே" கூடாது!

பெற்றோருக்கு அந்த டாக்டர்கள் சொன்ன இன்னொரு பாடம்: "ஒண்ணும் இல்லேடா, பயப்படாதே" என்று ஓயாமல் சொல்லக்கூடாது! அம்மா பத்து தடவை சொன்னால், ஏதோ இருக்கிறது என்றுதானே பிள்ளைக்குத் தோன்றும்?

மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாளே, பிள்ளையை மடியில் வைத்து, நாளைக்கு நடக்கப்போவதை உள்ளபடி சொல்வது நம் வேலை. அதற்குக் காசு பணம் வேண்டாம், கோமாளியும் வேண்டாம்!