நூல் அளவில் நேர்மை

மகனின் மாதிரி விமானம் உடைந்துவிட, கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஒருவர் நம் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “மெல்லிசா ஒரு பிளைவுட் குடுங்கண்ணா” என்கிறார். நாமும் கண் மதிப்பில் 3 மி.மீ. பலகையைக் கொடுத்தனுப்புகிறோம். தவறு அங்கேதான்.

அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் சுமார் 3.2 மி.மீ. சிறு விமானங்களிலோ அரை நூல், கால் நூல் பலகைகளும் உண்டு. கனம் இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும். மூக்கில் எடை கூடினால் விமானம் தலைகுப்புறச் சாயும். மெலிந்தாலோ முறியும்.

ஆகவே, உடைந்த துண்டைக் கேட்டு வாங்குவோம். பெயிண்டையும் பசையையும் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளப்போம். அந்தக் கனம் இருப்பில் இல்லையெனில், இல்லையென்றே சொல்வோம். தராசில் காட்டும் நேர்மையை நூலிலும் காட்டினால், மலையேறிய வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைக்கே இறங்கி வருவார்.