கூரையை வெட்டினால் காருக்கு என்ன ஆகும்?

ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதசுரமும் காஸ் விளக்கும் முன்னே போக வீதிகளைச் சுற்றி வருவது நம் கல்யாணங்களின் பழைய அழகு. கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஆசையோடு சொல்வார்கள். அப்படி வரும் கார்களில் பல, கூரையோடு பிறந்தவை. பழைய அம்பாசடரையோ பியட்டையோ வாங்கி, டிங்கரிங் பட்டறையில் டாப்பை வெட்டி எடுத்து, பூ அலங்காரம் செய்துவிடுவார்கள். வெயிலையும் மழையையும் மறைக்கும் வெறும் தகடு என்றுதான் கூரையை நினைக்கிறோம். காரைக் கோணாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் அசையாது. அதை நீளவாக்கில் ஒரு கோடு கத்தரித்துவிட்டு முறுக்கினால் துவண்டுபோகும். தாள் குறையவில்லை, வட்டம் மட்டும் அறுந்தது. இரும்பிலும் இதே கதைதான். 10 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. தகடும் உள்ள குழாயை ஒரு பக்கம் முழு நீளத்துக்கு அறுத்தால், முறுக்கை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறக்குறைய 7,500-இல் ஒரு பங்காகிவிடும் என்கிறது கணக்கு. எனக்கு இந்த எண் ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. பியட் என்று நாம் சொல்லும் பத்மினி, பியட் 1100 மாடலிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தனிச் சேஸ் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து பற்றவைத்த ஒரே கூடுதான் வண்டி. முன் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கூடு முழுவதும் முறுக்கப்படுகிறது. கூரை போனபின் அந்த முறுக்கைத் தாங்க மிஞ்சுவது தரையும், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு பெட்டித் தகடுகளும்தான். அவை சேர்ந்து தாங்குவதால் விறைப்பு குழாயைப் போல அடியோடு போய்விடாது. ஆனாலும் கண்ணாடிச் சட்டம் நடுங்கும், ஸ்டியரிங் உதறும், நடுவில் உடல் தொய்ந்து கதவு இறுகும். உருண்டால் தலையைக் காக்க ஒன்றுமே இருக்காது.

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வெட்டுவதில்லை. கதவு வாசல்களின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பற்றவைத்து, அளவுகளைக் குறித்துக்கொண்டு, கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து, தரைக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, கண்ணாடித் தூணையும் பலப்படுத்திய பிறகுதான் ரம்பத்தைத் தொடுவார்கள். இவ்வளவு இரும்பு சேர்வதால், கூரை இழந்த கார் பெரும்பாலும் முன்னைவிடக் கனமாகிவிடுகிறது! கடலூர் போன்ற கடலோர ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்புக்காற்றின் ஈரம் அந்த அடிப்பெட்டிகளுக்குள் தங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே துருவை வளர்க்கும். முழுப் பாரமும் அந்தத் துருவின்மேல்தான் விழும்.

கூரையைக் கழற்றினாலும் பொறுத்துக்கொள்ளும் கார் ஒன்று நம் சென்னையை அடுத்த பெருங்களத்தூரிலேயே தயாரானது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. உடற்பகுதிகளைச் செய்து தந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், ஒரே கூடாகப் பற்றவைக்க வழியில்லாமல், பழைய பாணியில் தனிச் சேஸ் போட்டு, மேலே துண்டு துண்டான பாடியை போல்ட்டால் பூட்டினார்கள். கூரையும் அப்படிப் பூட்டிய ஒரு துண்டுதான். 1960-இல் தொழிற்சாலையே திறந்த ஹெரால்டை விற்கத் தொடங்கியது. நெருக்கடியில் எடுத்த முடிவு இவ்வளவு நல்லதாக அமைந்தது அபூர்வம். இரண்டு கதவு ஹெரால்டில் கூரையைக் கழற்ற ஸ்பானர் போதும். மனம் மாறினால் திரும்பப் பூட்டவும் முடியும். அதுவும் மேடுபள்ளத்தில் கொஞ்சம் நடுங்கும், ஆனால் பாரத்தைச் சேஸ் ஏற்கும்.

கூரையை வெட்டும் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் தந்து பதிவுச் சான்றில் ஏறிய விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த தனிப் பதிவு விதியும், சேஸ், பாடி, எஞ்சின் மூலவடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. வெட்டிய அம்பாசடர் அந்தத் தகுதியையும் இழக்கும்.

தாத்தாவின் அம்பாசடர் கொட்டகையில் நின்றால் அதை வெட்டக் கொடுக்காதீர்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுபோய்விட்டது, இனி வராது. ஊர்வலத்துக்கு யாராவது திறந்த கார் கொண்டுவந்தால், கதவுக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் உடல் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் மாப்பிள்ளையை ஏற்றாதீர்கள்.